தண்ணி போற வழி

எங்கள் வீட்டுப் பேஸ்மென்ட்டில் இருந்த பழைய பாய்லரின் தகட்டில் 1,40,000 என்று ஓர் எண் பொறித்திருந்தது. மணிக்கு 1,40,000 பி.டி.யு. வெப்பத்துக்கான கேஸை அது எரிக்கும் என்று அர்த்தம். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம்தான் ஒரு பி.டி.யு. அமெரிக்காவில் இன்றைக்கும் இந்தக் கணக்குதான். மார்ச் கடைசியில் பாய்லரின் வார்ப்பிரும்பில் கீறல் விட்டு, அடியில் தண்ணீர் கசியத் தொடங்கியது. விலை சொல்ல வந்த மூன்று பேரும் அந்தத் தகட்டில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இதே அளவில் புதுசு வைத்துவிடலாம் என்றார்கள். ஒருவரும் மாடி ஏறி ரேடியேட்டர்களை எண்ணிப் பார்க்கவில்லை. சன்னல் எத்தனை, சுவருக்குள் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று கேட்கவில்லை. அந்த எண் சரியா என்கிற சந்தேகம் அவர்கள் யாருக்கும் வரவில்லை. எனக்கு வந்தது.

நம் ஊரில் பாய்லர் என்றால் குளியலறைக்குப் பக்கத்தில் விறகு போட்டு எரிக்கும் செம்பு பாய்லர் நினைவுக்கு வரும். இல்லையென்றால் நெல் அவிக்கும் அரிசி ஆலை பாய்லர். இங்கே வீட்டைச் சூடாக்கும் பாய்லர் வேறு மாதிரி. எங்கள் வீட்டில் இருப்பது பெயருக்குத்தான் பாய்லர், உள்ளே தண்ணீர் கொதிப்பதே இல்லை. சூடான தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போகிறது, அங்கே சன்னலுக்குக் கீழே நிற்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டரில் சூட்டை விட்டுவிட்டு, ஆறிப் பாய்லருக்கே திரும்பி வருகிறது. குடிக்கவோ குளிக்கவோ இந்தத் தண்ணீர் வராது. அதே தண்ணீர்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

நியூ ஜெர்சியில் மிடில்செக்ஸ் கவுன்ட்டியில் நாங்கள் வாங்கிய வீடு 1926-ல் கட்டியது. அப்போது நிலக்கரி. பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும், அந்த வித்தியாசத்திலேயே வீடு முழுக்கச் சுற்ற வேண்டும். அதனால்தான் பேஸ்மென்ட் கூரையில் ஓடும் பிரதான குழாய்கள் இரண்டரை அங்குல இரும்பு. பிறகு எப்போதோ நிலக்கரி போய் கேஸ் வந்தது, ஒரு பம்பும் வந்தது. குழாய் அதே குழாய்.

என் அப்பா உடுமலைப்பேட்டைப் பக்கம் நாற்பது வருஷம் பம்ப்செட் மெக்கானிக். கிணற்றடியில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள் நான். இப்போது ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. பாய்லரை நானே மாற்றப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, முடியுமா என்று அவர் கேட்கவே இல்லை.

“தண்ணி போற வழிய மொதல்ல காயிதத்துல போடு கண்ணு. எங்க கிளம்புது, எங்க திரும்புது, எங்க காத்து நிக்கும், எல்லாம் போடு. அப்புறம் பைப்ப அறுக்கலாம்.”

“சரிங்கப்பா” என்றேன். நான்கு மாதம் காகிதத்தில்தான் இருந்தேன்.

முதலில் தகட்டில் இருந்த எண்ணைச் சரிபார்த்தேன். இதற்கு கேஸ் பில் போதும். எங்கள் ஜனவரி மாதப் பில்லில் 270 தெர்ம். ஒரு தெர்ம் என்பது 1,00,000 பி.டி.யு. சமையலுக்கும் குளிக்கிற வெந்நீருக்கும் 20 கழித்தால் 250. பழைய பாய்லர் எரிப்பதில் கால்வாசி புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது என்று வைத்தால், வீட்டுக்குள் வந்து சேர்ந்தது 187.5 தெர்ம், அதாவது ஒரு கோடியே 87 லட்சத்து 50 ஆயிரம் பி.டி.யு. அடுத்தது குளிர்க் கணக்கு. ஒவ்வொரு நாளும் வெளியே சராசரி வெப்பம் 65 ஃபாரன்ஹீட்டுக்கு எத்தனை டிகிரி கீழே இருந்தது என்று பார்த்து, மாதம் முழுக்கக் கூட்ட வேண்டும். எங்கள் பக்கம் ஜனவரியில் அந்தக் கூட்டல் சுமார் 1,000 வரும். வீட்டுக்குள் வந்த வெப்பத்தை ஆயிரத்தாலும் 24 மணி நேரத்தாலும் வகுத்தால், வெளியே ஒரு டிகிரி குறைந்தால் மணிக்கு 780 பி.டி.யு. வேண்டும் என்று தெரிகிறது. இந்த ஊரில் கணக்குப் போட எடுத்துக்கொள்கிற கடுங்குளிர் 14 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸ். 65-லிருந்து 14 வரை 51 டிகிரி. பெருக்கினால் சுமார் 40,000.

நாற்பதாயிரம்! தகட்டில் இருந்ததோ 1,40,000. அதில் கால்வாசி புகையில் போனாலும் 1,05,000, எங்கள் வீட்டின் மிகக் குளிரான இரவுக்குத் தேவையானதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அதனால்தான் அந்த பாய்லர் ஐந்து நிமிடம் எரிந்து, நின்று, மறுபடி எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை பற்றும்போதும் கேஸ் வீண், இரும்புக்கும் தேய்மானம். எந்தக் காலத்திலோ யாரோ வைத்த தவறான அளவை அடுத்தவர் பார்த்து எழுத, அதை அடுத்தவர் பார்த்து எழுத, இப்படித்தான் ஊர் முழுக்கப் பெரிய பாய்லர்கள் பேஸ்மென்ட்டுகளில் உட்கார்ந்திருக்கின்றன. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பில் எல்லார் கையிலும் இருக்கிறது, கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

அடுத்து ரேடியேட்டர்கள். ஒன்பது ரேடியேட்டர்களின் உயரத்தை அளந்து, தூண்களை எண்ணி, பழைய அட்டவணையில் பார்த்துக் கூட்டினால் 420 சதுர அடிப் பரப்பு. உள்ளே தண்ணீர் சராசரி 77 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஒரு சதுர அடி மணிக்கு 150 பி.டி.யு. விடும், மொத்தம் 63,000. எனக்கு வேண்டியது 40,000-தானே? அப்படியானால் மிகக் குளிரான நாளிலும் தண்ணீர் 60 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினால் போதும், மிதமான நாட்களில் 45 டிகிரியே போதும். இது சின்ன விஷயமில்லை. இப்போது வருகிற கண்டென்சிங் பாய்லர்கள் புகையில் இருக்கிற நீராவியையும் குளிரவைத்து, அது நீராக மாறும்போது விடுகிற சூட்டைப் பிடித்துக்கொள்கின்றன. திரும்பி வருகிற தண்ணீர் சுமார் 54 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். பழைய பெரிய ரேடியேட்டரை அடைசல் என்று சொல்லி எடுத்துப் பழைய இரும்புக்குப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். புது பாய்லரை நன்றாக வேலை செய்ய வைப்பதே அந்தப் பெரிய ரேடியேட்டர்தான்.

நான் வாங்கியது 80,000-லிருந்து 8,000 வரை தன்னைத்தானே ஏற்றி இறக்கிக்கொள்ளும் பாய்லர். வெளிச் சுவரில் ஓர் உணரி. வெளியே குளிர் கூடினால் தண்ணீரின் சூட்டைக் கூட்டும், குறைந்தால் குறைக்கும்.

எதை நானே செய்யலாம் என்பதையும் முதலிலேயே தெரிந்துகொண்டேன். சொந்தமாகக் குடியிருக்கிற தனி வீட்டில், ஊர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, சோதனைக்குக் காட்டி, வீட்டுக்காரரே குழாய் வேலை செய்ய நியூ ஜெர்சியில் இடம் உண்டு. மாசசூசெட்ஸில் அது கிடையாது, உரிமம் உள்ளவர்தான் தொட வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் கேஸ் கருவிகளைச் சான்றிதழ் பெற்றவர்தான் பொருத்த முடியும், ஸ்கார்பரோவில் இருக்கிற நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சட்டம் இடம் கொடுத்தும் கேஸ் குழாயையும் புகைக்குழாயையும் நான் தொடவில்லை. உரிமம் உள்ள ஒருவரிடம் கொடுத்தேன். தண்ணீர்ப் பக்கம் தப்பு செய்தால் தரை நனையும். புகைப் பக்கம் தப்பு செய்தால் கார்பன் மோனாக்சைடு, அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஒவ்வொரு தளத்திலும் அதற்கான அலாரம் மாட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினேன்.

பழைய குழாய்களைச் சுற்றி வெள்ளையாக, அட்டைபோல ஒரு உறை இருந்தது. அந்தக் காலத்து வீடுகளில் அது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். சோதனைக்கு அனுப்பினோம், ஆமாம் என்று வந்தது. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள் வந்து இரண்டு நாளில் எடுத்துக்கொடுத்தார்கள். இதில் கையை வைக்கவே கூடாது.

இனி அப்பா சொன்ன காகிதத்துக்கு வருகிறேன்.

பழைய அமைப்பில் மாடியில் என் மகள் அறை ரேடியேட்டரில் வாராவாரம் காற்று சேரும். மேல் பாதி ஜில்லென்று இருக்கும். சின்னச் சாவியால் திருகித் திறந்தால் புஸ்ஸென்று காற்று போகும், அடுத்த வாரம் மறுபடி சேர்ந்துவிடும். வீடு வாங்கிய நாள் முதல் இதே கதை. மூடிய குழாயில் காற்று எங்கிருந்து வருகிறது? அப்பாவிடம் கேட்டேன். அவர் ரேடியேட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் சொன்னார்:

“உறிஞ்சுற பக்கம் ஓட்டை இருந்தா காத்துப் பூரும் கண்ணு. தள்ளுற பக்கம் ஓட்டை இருந்தா தண்ணி ஒழுகும். உம்பட ரூம்புல தண்ணி ஒழுகுதா, காத்துப் பூருதா?”

காற்றுதான். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு ஒழுங்காக மூடாவிட்டால் அப்பா சாணியைக் கரைத்து ஊற்றித் தண்ணீர் நிறுத்தியது எனக்கு நினைவிருக்கிறது. உறிஞ்சுகிற பக்கத்தில் ஊசி நுழைகிற சந்து போதும், மோட்டார் வெறுமனே ஓடும். அப்படியானால் என் வீட்டின் மாடி முழுக்க பம்பின் உறிஞ்சுகிற பக்கத்தில் இருக்கிறது!

காரணம் விரிவுத் தொட்டி. தண்ணீர் சூடானால் விரியும். எங்கள் குழாய்களிலும் ரேடியேட்டர்களிலும் இருக்கிற சுமார் 300 லிட்டர், 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் 8, 9 லிட்டர் கூடும். தண்ணீரை நசுக்க முடியாது, அதனால் ஒரு ரப்பர் படலத்துக்கு அந்தப் பக்கம் காற்று அடைத்த தொட்டி ஒன்று வைக்கிறார்கள். கூடுகிற தண்ணீர் அந்தக் காற்றை நெருக்கி இடம் பிடித்துக்கொள்ளும். இந்தத் தொட்டி குழாயில் சேர்கிற இடத்தில் மட்டும், பம்ப் ஓடினாலும் நின்றாலும் அழுத்தம் மாறாது. பெல் அண்ட் காசெட் கம்பெனியின் கில் கார்ல்சன் என்கிற பொறியாளர் இதை விளக்கினார். பிறகு டான் ஹோலோஹன் என்பவர் ‘பம்பிங் அவே’ என்று இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார்.

பம்ப் தன் இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு வித்தியாசத்தை உண்டாக்குகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. எங்கள் பம்பில் அது 4 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு, என்று வையுங்கள். பேஸ்மென்ட்டில் அழுத்தம் 12. மாடி ரேடியேட்டர் 18 அடி மேலே. 2.31 அடி ஏறினால் ஒரு பி.எஸ்.ஐ. குறையும், ஆக மாடியில் 4 சொச்சம். பழைய பாய்லரை வைத்தவர் பம்பைத் தொட்டியை நோக்கித் தள்ளுகிற மாதிரி வைத்திருந்தார். தள்ளுகிற முனைக்குப் பக்கத்தில் தொட்டி இருப்பதால் அங்கே 12 மாறாது. வித்தியாசம் வேண்டுமே, உறிஞ்சுகிற முனையில் 8 ஆகிவிடும். அந்தக் குறைவு மாடி வரை போகும். அங்கே இருந்ததே 4, அதையும் இழுத்துவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இன்னும் சற்றே இறங்கினாலும் காற்றுத் திருகின் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே நுழையும், தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் குமிழாகப் பிரியும். பம்பைத் தொட்டிக்கு அந்தப் பக்கம், தொட்டியிலிருந்து விலகித் தள்ளுகிற மாதிரி வைத்தால் உறிஞ்சுகிற முனையில் 12 மாறாது, தள்ளுகிற முனையில் 16. வீடு முழுக்கத் தள்ளுகிற பக்கத்தில் வந்துவிடுகிறது. இரண்டிலும் அதே பம்ப், அதே தொட்டி, அதே குழாய். ஒன்றரை அடி இடமாற்றம். என் மகள் ஏழு குளிர்காலம் அந்த ஒன்றரை அடிக்காகக் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள்.

ஆக, என் படத்தில் வரிசை இப்படி வந்தது: பாய்லரிலிருந்து சூடான தண்ணீர் வெளியே வரும், காற்றுப் பிரிப்பான், அதன் அடியில் விரிவுத் தொட்டி, அதன் பிறகு பம்ப், பிறகு வீடு. திரும்பி வருகிற வழியில் காந்தம் வைத்த வடிகட்டி, ஏனென்றால் நூறு வருஷத்து இரும்பிலிருந்து கறுப்பு வண்டல் வந்துகொண்டே இருக்கும். பாய்லருக்கெனத் தனியாக ஒரு சின்னப் பம்ப், இரண்டு சுற்றும் ‘டீ’ என்கிற T வடிவ இணைப்புகள் இரண்டின் வழியாகச் சந்திக்கும். அந்த இரண்டு டீக்கும் நடுவே குழாய் விட்டத்தின் நான்கு மடங்குக்கு மேல் இடைவெளி விடக்கூடாது, விட்டால் ஒரு பம்ப் இன்னொன்றின் தண்ணீரை இழுக்கும்.

குழாய் அளவு? நிமிடத்துக்கு ஒரு கேலன் ஓடினால் மணிக்கு சுமார் 500 பவுண்டு தண்ணீர். அது 20 ஃபாரன்ஹீட் டிகிரி ஆறித் திரும்பினால் 10,000 பி.டி.யு. கொடுத்துவிட்டு வருகிறது. எனக்கு 40,000, அதற்கு நான்கு கேலன். முக்கால் அங்குலச் செம்புக் குழாயே தாங்கும். நான் ஓரங்குலம் போட்டேன்.

ஆகஸ்ட்டில் பைப்பை அறுத்தேன். செம்பை ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலையை எழுத்தில் சொல்வது கஷ்டம், இருந்தாலும் சொல்கிறேன். வெட்டிய விளிம்பின் உள்பிசிறை எடுக்க வேண்டும். குழாயின் வெளிப்புறமும் எல்போ என்கிற முழங்கை இணைப்பின் உள்புறமும் புதுக் காசு மாதிரி பளிச்சென்று வரும்வரை தேய்க்க வேண்டும், அதன் பிறகு விரல் படக்கூடாது. ஃப்ளக்ஸ் தடவிச் செருகி, தீயை எல்போவின் மேல் காட்ட வேண்டும். ஈயக் கம்பியைத் தீயிலே காட்டக்கூடாது, எதிர்ப்பக்கம் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு சரியாக ஏறியிருந்தால், தொட்டதும் கம்பி உருகிச் சந்துக்குள் தானாகச் சுற்றி ஓடி, வெள்ளி மோதிரம்போல விளிம்பில் வந்து நிற்கும். அந்த மோதிரம் முழுசாக இருக்க வேண்டும். குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் சூடு ஏறாது. வால்வு லேசாகக் கசிந்துகொண்டிருந்த ஓரிடத்தில், இந்த ஊர்ப் பிளம்பர்கள் செய்கிற மாதிரி, ஓரம் நீக்கிய வெள்ளை ரொட்டியை உருட்டிக் குழாய்க்குள் அடைத்தேன். பற்றவைத்து முடிக்கும்வரை அது தண்ணீரை உறிஞ்சி நிறுத்தும், பிறகு கரைந்து வெளியே வந்துவிடும். மரச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைக்கும்போது தீத்தடுப்புத் துணியும் தீயணைப்பானும் கையெட்டும் தூரத்தில். வேலை முடிந்து ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர் நிரப்பி 12-ல் விட்டேன். காலையில் பார்த்தால் 9. சுவரை ஒட்டிய ஓர் எல்போவில், கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, பின்பக்கம் மோதிரம் பாதியில் நின்றிருந்தது. வடித்து, பிரித்து, மறுபடி தேய்த்து, மறுபடி வைத்தேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் முள் 12-லேயே நின்றது.

பாதுகாப்பு வால்வைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அழுத்தம் 30 பி.எஸ்.ஐ. தாண்டினால் அது திறந்து தண்ணீரை வெளியே விடும். அதிலிருந்து இறங்குகிற குழாய் தரைக்கு ஆறு அங்குலம் வரை வர வேண்டும், நடுவே எந்த அடைப்பு வால்வும் இருக்கக்கூடாது, நுனியில் மரை வெட்டியிருக்கக்கூடாது. ஏன் மரை கூடாது? சொட்டுகிறதே என்று யாராவது பிற்காலத்தில் ஒரு மூடியைத் திருகிவிடக் கூடாது என்பதற்காக. பாய்லர் வெடித்தால் என்ன ஆகும்? 1905 மார்ச் 20 அன்று மாசசூசெட்ஸின் பிராக்டனில் குரோவர் செருப்புத் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது, நான்கு மாடிக் கட்டடம் இடிந்து எரிந்தது, 58 பேர் இறந்தார்கள். 1907-ல் அந்த மாநிலம் பாய்லர் சட்டம் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் பாய்லர் விதிநூலை வெளியிட்டது. சோதனைக்கு வந்த அதிகாரி முதலில் குனிந்து அந்தக் குழாயின் நுனியைத்தான் தடவிப் பார்த்தார்.

கேஸ்காரர் வந்து புகையில் கருவி வைத்து அளந்தார். கார்பன் டைஆக்சைடு 9 சதவீதம், கார்பன் மோனாக்சைடு நூறு பி.பி.எம்.முக்கு வெகு கீழே. இந்த அளவை எடுக்காமல் ‘எரிகிறது, சரி’ என்று போகிறவரை விடாதீர்கள். புகையிலிருந்து வடிகிற தண்ணீர் அமிலம். ஆய்வகப் பழக்கத்தில் தாளை நனைத்துப் பார்த்தேன், பி.எச். மூன்றரை. சுண்ணாம்புக்கல் சில்லு நிரப்பிய குழாய் வழியாக விட்ட பிறகு ஆறு. அதற்குப் பிறகுதான் சாக்கடைக்குப் போகிறது.

அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிறு காலை, வெளியே 4 டிகிரி. பாய்லரைப் போட்டேன். கீழ்த் தளத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு ரேடியேட்டரிலும் காற்றை எடுத்துக்கொண்டே மேலே போனேன். மகள் அறையில் சாவியைத் திருகியதும் நீண்ட மூச்சு மாதிரி காற்று வந்தது, நின்று, துப்பி, பிறகு ஊசிபோலத் தண்ணீர் என் விரலில் அடித்தது. அதற்குப் பிறகு அந்தச் சாவியை நான் அங்கே கொண்டுபோகவில்லை. இது மூன்றாவது குளிர்காலம்.

அன்று சாயங்காலம் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு, போனை பம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் காதைத் திரைக்கு நெருக்கிக்கொண்டு கேட்டார்.

“சத்தமே இல்லையே கண்ணு. ஓடுதா?”

பம்பைத் தாண்டி மேலே போகிற குழாயில் ஒரு கை, திரும்பி வருகிற குழாயில் ஒரு கை வைத்தேன். ஒன்று சுட்டது. மற்றது வெதுவெதுப்பாக இருந்தது.

“ஓடுதுங்கப்பா.”